மன்னிப்புக் கடிதத்தின் இரண்டாவது நகல்

அனுப்புநர்:
மெரெத்தே ஹோய்பெர்க்
(முகவரி எழுதுவதற்கில்லை, காரணம் மனுவில் உள்ளது)

பெறுநர்:
தலைமை நிர்வாகி அவர்கள்,
வெஸ்டர்லெவ் நகராட்சி,
டென்மார்க்.

பொருள்: நகராட்சியின் 'ஒரே வாசல்' செயலி, எங்களை நெருங்கத் தடை விதிக்கப்பட்டவருக்கு எங்கள் இருப்பிடத்தை இருமுறை தெரிவித்தது – மூன்றாம் முறை தெரிவிக்காதிருக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் கையொப்பமிட்டு ஆகஸ்டு மாதம் அனுப்பிய மன்னிப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு என்றால் முகவரியில் தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என் முகவரியை நகராட்சியிடம் இருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டேன். இருமுறையும் அது யாருக்குப் போகக்கூடாதோ அவரிடமே போய்ச் சேர்ந்தது. ஆகவே இம்முறை அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். மரியாதைக் குறைவாகக் கொள்ள வேண்டாம்.

1. நான் எட்டு வயதுச் சிறுமி சிக்னேயின் தாய். அவள் தந்தை யெஸ்பரிடமிருந்து தப்பி வந்தவர்கள் நாங்கள். அவர் செய்தவற்றை நீதிமன்றத்தில் ஒருமுறை சொல்லி முடித்தேன். இங்கே மறுபடி சொல்ல மனமில்லை. அவர் எங்களை நெருங்கக் கூடாது என்று தடை உத்தரவு இருக்கிறது. எங்கள் முகவரி அரசுப் பதிவேட்டில் ரகசியம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் தபால் பெட்டியில் பெயர் இருந்ததில்லை. பள்ளியில் எடுக்கும் புகைப்படங்களில் சிக்னே நின்றதில்லை. பிப்ரவரியில் பிள்ளைகள் வேடம் போட்டுப் பீப்பாயை அடித்து மிட்டாய் உதிர்க்கிறார்களே, அன்று மட்டும் நின்றாள். கரடி முகமூடி போட்டிருந்ததால் நான் சம்மதித்தேன். இவ்வளவையும் நாங்கள் செய்தோம். நகராட்சி செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: வாயை மூடிக்கொண்டு இருப்பது.

2. சென்ற குளிர்காலத்தில் பள்ளி, பல் மருத்துவம், நூலகம், வீட்டுவசதி அனைத்தையும் சேர்த்து 'ஒரே வாசல்' என்ற செயலியைத் தாங்கள் தொடங்கிவைத்தீர்கள். மின்னணுச் சேவைப் பிரிவின் தலைவர் திரு. ஹென்னிங் அவர்கள் சிறு கொடிகள் குத்திய கேக்கை வெட்டும் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. பிள்ளை பற்றிய எந்தச் செய்தியும் தாய், தந்தை இருவருக்கும் தானாகவே போகும் என்பது அச்செயலியின் சிறப்பு என்று அதில் எழுதியிருந்தார்கள். பெற்றோர் இருவரும் சமம் என்பது இந்நாட்டின் பெருமை. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் பழைய கணினியில் எங்கள் பெயருக்கு எதிரே இருந்த ரகசியக் குறி புதிய செயலிக்கு வந்து சேரவில்லை. அப்படி ஒரு குறி தேவைப்படும் தந்தையும் இவ்வூரில் இருக்கலாம் என்று, கேக் தின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

3. ஏப்ரல் மாதம் சிக்னேக்கு நகராட்சிப் பல் மருத்துவமனையில் பரிசோதனை. நாள், நேரம், மருத்துவமனை, அவள் படிக்கும் பள்ளி எல்லாம் அடங்கிய நினைவூட்டல் எனக்கு வந்தது. அதே நொடியில் யெஸ்பருக்கும் போனது. நாங்கள் உள்ளே நுழைந்தபோது வரவேற்பில் இருந்த திருமதி பென்தே முகமலர்ச்சியோடு, "வா சிக்னே, வா! உங்கப்பா எவ்ளோ சீக்கிரமா வந்து காத்துக்கிட்டு இருக்கார் பாரு!" என்றார்.

யெஸ்பர் மீன் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் இலவங்கப்பட்டை ரொட்டி இருந்தது, அவளுக்குப் பிடித்தது. "பல் டாக்டர்னா பயப்படுவாளே, அதான் அப்பா வந்தேன்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. சிக்னேயின் காலணியைச் சுற்றித் தரை நனைந்தது. திருமதி பென்தே என் முகத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பிறகு எதுவும் கேட்காமல் ஊழியர் கதவைத் திறந்து எங்களைப் பின்பக்கமாக வெளியே விட்டார். அவர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவர் திரையில் 'தந்தை: தகவல் அனுப்பப்பட்டது' என்று பச்சை நிறத்தில் எழுதியிருந்தது, அவர் அதை நம்பினார்.

4. மறுநாள் திரு. ஹென்னிங் அவர்களைச் சந்தித்தேன். காபி கொடுத்தார். "என்னங்க பண்றது, சிஸ்டம் அப்படி அமைஞ்சிருக்கு. எங்க ஆளுங்க மேல தப்பே இல்ல. ஒருத்தருக்காக மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும்" என்றார். அவர் பொல்லாதவர் அல்லர். என்னைத் துன்புறுத்தியவரைக் கண்டு எனக்கு அச்சம் வந்ததுண்டு. அருவருப்பு என்ற ஒன்று வந்தது அந்தக் காபிக் கோப்பைக்கு முன்னால்தான்.

5. நகராட்சி எங்களை, படகில் மட்டுமே போகக்கூடிய சிறு தீவு ஒன்றில், தன் சொந்த வீட்டில் குடிவைத்தது. அதற்கு நான் நன்றியுடையவள். தீவுப் பள்ளியில் சிக்னேக்கு ஒரு தோழி கிடைத்தாள். தபால் பெட்டியில் ஏன் பெயர் இல்லை என்று எவரும் கேட்கவில்லை. இதற்கிடையே, ஏப்ரலில் நடந்த தவறு பற்றி விசாரணை நடந்தது. விசாரித்தவர் திரு. ஹென்னிங், விசாரிக்கப்பட்டது திரு. ஹென்னிங்கின் செயலி. வேலிக்கு ஓணான் சாட்சி. தவறு சரிசெய்யப்பட்டது என்று அறிக்கை முடிந்தது. பல் மருத்துவமனையின் நினைவூட்டலை மட்டும் நிறுத்தியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

6. ஆகஸ்டு கடைசியில் தங்கள் மன்னிப்புக் கடிதம் செயலி வழியே வந்தது. அழகான கடிதம். நடந்ததற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து, தீவின் பெயரைச் சொல்லி, அங்குள்ள புதிய இல்லத்தில் எங்கள் வாழ்வு அமைதியாக அமைய வாழ்த்தியிருந்தீர்கள். கடிதம் பிள்ளை தொடர்பானது. ஆகவே அதன் இரண்டாவது நகல் தந்தைக்குப் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை நானும் சிக்னேயும் படகுத்துறையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தோம். படகிலிருந்து யெஸ்பர் இறங்கினார். கைப்பேசியை உயர்த்திக் காட்டி, "என்ன மெரெத்தே, ஓடி ஓடிக் களைச்சுப் போயிட்டியா? இந்தத் தடவை நான் தேடவே இல்ல. துரையே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கார் பாரு" என்றார். அந்தத் துரை தாங்கள்தான் ஐயா. தங்கள் கையொப்பத்தை நான் முதலில் பார்த்தது என் கடிதத்தில். இரண்டாவதாகப் பார்த்தது அவர் கையில்.

படகில் கயிறு கட்டும் பெண்மணி நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்தார். இரு பக்கத்துக்கும் நடுவே வந்து நின்றுகொண்டு, "உன் சீட்டு திரும்பிப் போறதுக்கும் சேத்துத்தான். ஏறு" என்றார். யெஸ்பர் சிரித்தார். அந்தப் பெண்மணி நகரவில்லை, யெஸ்பர்தான் ஏறினார். தங்கள் நகராட்சியின் எந்தச் செயலியும் செய்யாத வேலையை அப்பெண்மணி ஒரு வாக்கியத்தில் செய்தார். தடையை மீறியதற்குக் காவல் துறை யெஸ்பர் மீது வழக்குப் பதிந்திருக்கிறது. அன்று மாலையே நாங்கள் தீவை விட்டுப் புறப்பட்டோம். நண்டு வாளி துறையிலேயே கிடக்கிறது. தோழியிடம் சொல்லிக்கொள்ளவும் நேரமில்லை.

7. இப்போது மூன்றாம் வீடு தருவதாகச் சொல்கிறீர்கள். புதிய முகவரியை 'ஒரே வாசலில்' பதிவு செய்தால்தான் பள்ளியில் இடம் என்கிறீர்கள். நான் பதிவு செய்ய மாட்டேன். அதனால் சிக்னே பள்ளிக்குப் போகவில்லை. ஏப்ரலில் பார்க்காமல் விட்ட பல் இப்போது வலிக்கிறது. ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள்; கெட்டியான ரை ரொட்டியின் ஓரத்தைத் தட்டில் ஒதுக்கிவிடுகிறாள். கேட்டால், "வலிக்கலம்மா, நிஜமா வலிக்கல. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லாத" என்கிறாள். மருத்துவரிடம் சொன்னால் அப்பா வருவார் என்று என் மகள் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதைக் கற்றுக்கொடுத்தது தங்கள் நகராட்சி.

8. இதையெல்லாம் செயலியிலேயே புகாராகத் தர முயன்றேன். 'பிள்ளை தொடர்பானதா?' என்று கேட்டது. ஆம் என்றேன். 'தங்கள் புகாரின் நகல் பெற்றோரில் மற்றவருக்கும் அனுப்பப்படும்' என்றது. காகிதத்தில் தரலாமா என்று நகராட்சிக்குத் தொலைபேசியில் கேட்டேன். பேசிய இளைஞர் பணிவாக, "தாராளமா குடுங்க மேடம். நாங்க ஸ்கேன் பண்ணி ஒரே வாசல்ல ஏத்திடுவோம்" என்றார். ஆகவேதான் இம்மனு தபாலில் வராமல், காவல் நிலைய அலுவலர் ஒருவர் வழியாகத் தங்கள் கைக்கே வருகிறது.

எனவே ஐயா அவர்கள், யெஸ்பரின் பெயரைச் செயலியின் ஒரு மூலையிலிருந்து மட்டும் அல்லாமல், சிக்னேயைத் தொடும் எல்லா இடங்களிலிருந்தும் நீக்க உத்தரவிட வேண்டும். அதைத் திரு. ஹென்னிங் அல்லாத ஒருவர் சரிபார்க்க வேண்டும். முகவரி கேட்காமல் அவளுக்குப் பள்ளியில் இடமும், பல் மருத்துவரிடம் ஒரு நேரமும் தர வேண்டும். இரண்டையும் காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்னால் போதும். மீண்டும் மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வருத்தத்தைத் தாங்கும் வலிமை எங்களுக்கு இல்லை.

இம்மனுவைத் தங்கள் கண்களால் படிக்கவும். ஸ்கேன் செய்யக் கொடுக்க வேண்டாம்.

இடம்: காவல் துறைக்கு மட்டும் தெரியும்
நாள்: 12.09.2024

இப்படிக்கு,
(ஒப்பம்)
மெரெத்தே ஹோய்பெர்க்
சிக்னேயின் தாய்

நகல்:
1. காவல் நிலையம் – நேரில்.
2. தகவல் பாதுகாப்பு ஆணையம் – நேரில்.
3. யெஸ்பர் – நான் அனுப்பவில்லை. அவர் இதைப் படித்தால், அனுப்பியவர் யார் என்பது தங்களுக்கும் எனக்கும் தெரியும்.