இராமாயிக்குப் பின்னிய இரட்டைச் சடை

என் ஆசை மதினிக்கு,

உங்களைத் தவிர வேறு யாரிடம் நான் பெருமையடிப்பேன்? அண்ணனிடம் சொன்னால் தலையாட்டிவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விடுகிறார். போன ஐப்பசி மழையில் கண்ணை மூடிவிட்டீர்கள். அதனால் என்ன, நான் சொல்வதை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்த மிஷன் ஆஸ்பத்திரியில் இப்போது என்னை ஆபரேஷன் அறைக்குப் போட்டிருக்கிறார்கள். நம் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து போய் அந்தக் கதவுக்குள் தாதி மிஸ்ஸியாக நுழைந்த முதல் பெண் நான்தான். "பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு மருந்து வாடை?" என்று அண்ணன் குதித்தபோது நீங்கள் அடுப்படியிலிருந்தே சொன்னீர்களே, "எம்பேரக் காலையில வேலைக்குப் பெரட்டுல கூப்புட்டாப் போதும், அவ பேர ஆஸ்பத்திரியில கூப்புடட்டும்" என்று.

போன வாரம் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இராமாயி என்று ஒருத்தி வந்தாள். உங்களைப் போலக் கொழுந்து எடுக்கிறவள், உங்கள் வயதுதான். வயிற்றில் கட்டி. இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். மேசையில் படுக்கவைத்தோம். பிடரியில் தேங்காய் அளவுக்குக் கொண்டை. தலையை எப்படி வைத்தாலும் அது முட்டுக்கொடுத்தது. ஒருபக்கம் வைத்தால் உருண்டது, நேராக வைத்தால் தாடை நெஞ்சில் போய் இடித்தது.

மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுக்காக ஒரு குழாயைத் தொண்டைக்குள் இறக்க வேண்டும் மதினி. அதற்குத் தலையை வைக்கிற வாகு ஒன்று இருக்கிறது. தலைக்கு அடியில் மட்டும் துணியை மடித்து வைத்து, கழுத்தை முன்னுக்கு வரச்செய்து, முகத்தை மேலே நிமிர்த்த வேண்டும். அப்போதுதான் மூச்சுக்குழலின் வாசல் டொக்டர் கண்ணில் படும். அது தெரியாமல் தடவிக்கொண்டிருந்தால் உயிரே போய்விடும். கொண்டையை அவிழ்க்காவிட்டால் மருந்து கொடுக்க மாட்டேன் என்று மயக்க டொக்டர் சிங்களத்தில் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் இராமாயி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "எம்புருசன் வெளிய குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு மிஸ்ஸி. இது என்ன எழவு வீடா, தலைய விரிச்சுப் போட? நான் வீட்டுக்கே போறேன்."

மற்றவர்களுக்கு இது வெறும் பிடிவாதமாகத் தெரிந்திருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட நீங்கள் முடியை அள்ளி முடிந்துகொண்டுதானே அண்ணனைக் கூப்பிட்டீர்கள்?

"விரிக்க வேணாங்க்கா. பாதிய அவுத்துப் பின்னி முடிச்சிட்டுத்தான் மறுபாதியில கைய வைப்பேன். நீங்க தலைவிரியா இருக்கவே மாட்டீங்க" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "லயத்துப் புள்ளையா நீங்க?"

"ஆமாங்க்கா."

தலையைத் திருப்பிக் கொடுத்தாள்.

பள்ளிக்கூடம் போகையில் நீங்கள் எனக்குப் பின்னிவிட்ட அதே இறுக்கத்தில் காதோரம் இரண்டு சடை போட்டு, உச்சியில் சேர்த்துக் கட்டினேன். பிடரி பலகை மாதிரி ஆகிவிட்டது. படுக்கவைத்து, துணியை மடித்து வைத்து, "தேயில அரைக்கிற ஸ்டோர் பக்கம் போறப்ப தேத்தூள் வாசம் புடிப்பீங்கள்ல, அப்படி மொகத்த நீட்டுங்க" என்றேன். அவள் நீட்டிய அழகைப் பார்த்து மயக்க டொக்டரே சிரித்துவிட்டார். மருந்தில் கண் சொருகும்போதே தலையை அதே வாகில் பிடித்துக்கொண்டேன். குழாய் முதல் தடவையிலேயே இறங்கியது. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் திமிர் வந்தது. வரட்டுமே, நீங்கள் ஏசவா போகிறீர்கள்?

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான் பின்னிக் கொண்டுவர வேண்டும் என்று மயக்க டொக்டர் சொல்லிவிட்டார். சிங்கள மிஸ்ஸிமாரும் இந்தப் பின்னலை என்னிடம்தான் பழகுகிறார்கள்.

மயக்கம் தெளிந்ததும் இராமாயி முதலில் தலையைத்தான் தடவிப் பார்த்தாள். பிறகு புருசனிடம் என்னைக் காட்டி, குரல் வராத தொண்டையால் சொன்னாள்: "நம்ம புள்ளதாங்க தலையப் புடிச்சிருந்துச்சு."

மதினி, மலையிலிருந்து இறங்கி வருகிற எந்தப் பெண்ணும் என் கையில் இருக்கும்வரை தலைவிரியாகக் கிடக்க மாட்டாள், மூச்சுக்குத் தவிக்கவும் மாட்டாள். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் நாத்தனார்,
மிஸ்ஸி செல்லம்மா