குர்லாவில் விட்டுவந்த தம்பிக்கு

என் சுப்புணிக்குட்டா,

முதலில் நல்ல சேதி. லலிதா கன்று போட்டிருக்கிறாள். நான் இல்லையடா, நீ என் பெயரை வைத்த அந்தச் செம்பசு. நீ வேலை பார்த்த லாட்ஜிலிருந்து நோம்சா நேற்று தொலைபேசியில் சொன்னாள். கன்று ஆரோக்கியமாம். தாய் மட்டும் யாரையும் பக்கத்தில் விடவில்லையாம், எட்டி எட்டி உதைக்கிறாளாம்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் பார்க்கும்படி எழுதுகிறேன். உனக்குக் கூச்சமாக இருக்கும், தெரியும். ஆனால் நம் வீட்டைப் போல வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வீடுகள் வேறெங்காவது இருக்கலாம். அவர்களும் கேட்கட்டுமே.

கடல் தாண்டி நீ இருந்த ஊரில் ஆறு பெருகிய அந்த வெள்ளத்துக்குப் பிறகு உன் ஜீப் கிடைத்தது. மாடுகளுக்காக நீ கொண்டுபோன தடுப்பூசிப் பெட்டிகூடக் கிடைத்தது. உன்னை மட்டும் அந்த ஆறு தரவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோல, இங்கே தர்ப்பையில் உருவம் செய்து தீ வைத்தார்கள். அம்மா கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு ஒரே வார்த்தைதான் கேட்டாள்: "புல்லைக் கொளுத்தினா என் பிள்ளை செத்துப்போனதா ஆயிடுமா?"



அன்றிலிருந்து அவள் வாசற்படி தாண்டவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல். நாலு வீடு தள்ளியிருக்கிற கோயிலுக்குக்கூடப் போகவில்லை. "அவன் வரச்சே வீடு பூட்டிக் கிடக்கப்படாது" என்பாள். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவும் விடமாட்டாள். செருப்புச் சத்தம் கேட்டால் போதும், "சுப்புணியா?" கேபிள் டிவிக்காரன் பழகிப்போய், "அல்ல அம்மே, கேபிளா" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே உள்ளே வருவான்.

இதற்கிடையில் அவள் கண்களில் புரை முற்றிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்புமா என்பதே சந்தேகம் என்றார் டாக்டர். காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம். அந்த ஒரு பகலுக்குக்கூட அவள் வீட்டைவிட்டு வரத் தயாராக இல்லை. கெஞ்சினேன், கத்தினேன். "உனக்கு அவ்வளவு வேணும்னா என் கண்ணுக்கு நீ போய்ப் படுத்துக்கோ" என்றாள்.

அதனால்தான் கிளம்பினேன், சுப்புணி. நீ இருந்த இடத்தை ஒருமுறை பார்த்து, அவள் நம்பும்படி ஏதாவது கொண்டுவர முடியுமா என்று. என்ன கொண்டுவரப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. நீ எத்தனையோ தடவை கூப்பிட்டாய். "முதலாளியே கிடையாது அக்கா, காடும் லாட்ஜும் ஊர்க்காரர்களுடையது. அதனாலே எனக்கு ஊர் முழுக்க மேலதிகாரிகள்" என்று சிரித்தாய். எனக்குத்தான் வங்கியில் எப்போதும் ஏதாவது வேலை இருந்தது.

நீ சொன்ன அந்தக் குன்றையும் புல் கூரைக் குடில்களையும் பார்த்தேன். கீழே வளைந்து போகிற ஆற்றையும் பார்த்தேன். தங்க வருகிறவர்கள் கொடுப்பதில்தான் அங்கே பள்ளிக்கூடமும் மருந்தகமும் நடக்கின்றன. உன் சம்பளமும் அதிலிருந்துதான் வந்தது. மற்ற விருந்தாளிகள் காண்டாமிருகம் பார்க்கப் பெரிய பெரிய கேமராக்களோடு வந்திருந்தார்கள். ஒரு சாதாரண ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

வந்தவர்களின் பெயரை உரக்கச் சொல்லி வரவேற்பது அங்கே வழக்கமாமே. "லலிதா" என்றதும் சமையலறையே வெடித்துச் சிரித்தது. எனக்கு முகம் வெளிறிவிட்டது. சமையலறையைப் பார்த்துக்கொள்கிற நோம்சாதான் கண்ணைத் துடைத்தபடி வந்து விளக்கினாள். "எங்கள் பசுவுக்கும் இதே பெயர். டாக்டர் வைத்தது. 'என் அக்கா மாதிரி, பால் நிறையக் கொடுக்கும், ஆனால் உதைக்கும்' என்பார்." பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். அடுப்புப் புகை வாசனை.

காலை உணவில் உதிர்த்த சோளக் களியும் புளித்த பாலும் இருந்தன. மேலே கடுகு தாளித்திருந்தது! பக்கத்துப் பலகையில் "டாக்டர் சோறு" என்று எழுதி வைத்திருந்தார்கள். நம்முடைய தயிர்சாதத்தைக் கடல் தாண்டியும் விடவில்லையா நீ? ஒரு வெள்ளைக்காரர் அதில் சர்க்கரை போட்டுக் கலக்கினார். தடுக்கப் போய், அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை நோம்சா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"டாக்டரை எப்போது அழைத்துப் போகப் போகிறீர்கள்?"

"அவன் போய்விட்டான், நோம்சா."

"தெரியும். அதனால்தான் கேட்கிறேன். இவ்வளவு நாளாக ஆற்றங்கரையிலேயே நிற்கிறார். அவர் வீட்டிலிருந்து மூத்தவர் யாராவது வராமல் நாங்கள் எப்படி அனுப்புவது?"

அவர்கள் வழக்கத்தை அவள் சொல்லக் கேட்டேன். வெளியூரில் இறந்தவரை வீட்டுக்குக் கூட்டிவர ஒரு முள்மரத்தின் கிளை வேண்டும். இறந்த இடத்தில் நின்று பெயர் சொல்லி அழைத்து, அந்தக் கிளையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வர வேண்டும்: இப்போது ஆற்றைக் கடக்கிறோம், இப்போது பஸ் ஏறுகிறோம், இங்கே இறங்குகிறோம். அவருக்கும் ஓர் இருக்கை பிடிக்க வேண்டும். சொல்லாமல் வண்டி மாறினால் அவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்.

கிளையை வெட்டிக் கையில் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நம் இலந்தையேதான். கொஞ்சம் மாறிய இலை, அதே பளபளப்பு, அதே முள். காட்டு வழிகாட்டி துப்பாக்கியோடு முன்னால் நடக்க, ஆற்றங்கரைக்குப் போனோம்.

"எந்த மொழியில் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டேன்.

"அவருடைய அம்மா கூப்பிடுகிற மொழியில்" என்றாள் நோம்சா.

கிளையை ஆற்றுப் பக்கம் நீட்டினேன். பிறகு, நீ தெருவில் கிரிக்கெட் ஆடும்போது கூப்பிடுவேனே, அந்தக் குரல் தானாக வந்தது. "சுப்புணீ! ஆடினது போதும். அம்மா காத்துண்டிருக்கா, வா!" அக்கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வரிக்குதிரைகள் நிமிர்ந்து பார்த்தன.

நம்பினேனா என்று கேட்காதே. ஆனால் பேச ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. உன் வேஷ்டி ஒன்றை நோம்சா பத்திரமாக வைத்திருந்தாள். அதில் கிளையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பிலும் பஸ்ஸிலும் விமானத்திலும் உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன். நீ இருந்தபோதுகூட இவ்வளவு பேசியதில்லை, இல்லையா?

பம்பாயில்தான் எல்லாம் கெட்டது. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி வேஷ்டியைப் பிரிக்கச் சொன்னார். "பூஜைக்கு" என்றேன். இப்படிப்பட்ட முள்ளை வைத்து என்ன பூஜை என்று தொட்டுப் பார்த்தார், குத்திவிட்டது. விரலைச் சூப்பிக்கொண்டே, "கொண்டுபோங்கள், கொண்டுபோங்கள்" என்று கையை உதறினார். அதற்குள் நேரமாகிவிட்டது. டாக்சி, நெரிசல், குர்லா ஸ்டேஷனில் ஓட்டம். ரயில் பன்வெல் தாண்டிய பிறகுதான் எதிர் இருக்கையைப் பார்த்தேன். உனக்காகப் பதிவு செய்தது. சொல்லவே இல்லை, சுப்புணி! விமானத்திலிருந்து இறங்குகிறோம், ரயில் ஏறுகிறோம் என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டிக்கெட் பரிசோதகர் வந்து, "ஈ பெர்த்தில் ஆளெவிடே சேச்சி?" என்று உன் காலி இடத்தைக் காட்டிக் கேட்டார்.

"வரும்" என்றேன். திருவனந்தபுரம் வரும்வரை அவர் ஒவ்வொரு தடவை கேட்டபோதும் அதையே சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கிளையை மடியில் போட்டு, "கொண்டுவந்தேன்மா, ஆனா பம்பாயிலே விட்டுட்டேன்" என்று குழந்தை மாதிரி அழுதேன். அவள் பார்வை மங்கிய கண்களோடு இலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு சலித்துக்கொண்டாள்.

"இதுக்கா அழறே? அவன் பம்பாயிலே அஞ்சு வருஷம் மாட்டு வைத்தியம் படிச்சவனாக்கும். குர்லாவிலே வண்டி ஏற அவனுக்குத் தெரியாதா? உன் வண்டி போயிருக்கும், அடுத்த வண்டியிலே வருவான். நாளைக்கு அந்த வண்டி எப்போ வரும்?"

"சாயங்காலம்."

"கஞ்சி போட்ட புடவையை எடுத்து வை. தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போகணும்."

அம்மா படி இறங்கினாள், சுப்புணி. என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினாள். எதிராத்து மாமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

தம்பானூரில் வண்டி வந்தது. போர்ட்டர்கள், பெட்டிகள், மாலையோடு யாரையோ வரவேற்க வந்தவர்கள். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. எனக்குப் பயம். இதோ இப்போது அவள் உடைந்துவிடப் போகிறாள், இங்கேயே, இந்த பிளாட்பாரத்திலேயே.

"எல்லாரும் இறங்கியாச்சா?"

"ஆச்சும்மா."

அவள் வேஷ்டிச் சுருளைக் காலி வண்டிப் பக்கம் உயர்த்திப் பிடித்தாள். "சுப்புணி, தம்பானூர் வந்துடுத்து. இறங்கிக்கோ. அக்கா சொல்ல மறந்துட்டா, அதான் நானே வந்தேன்."

ஆட்டோவில் அவள் வாய் ஓயவில்லை. இங்கேதான் உனக்கு முதல் பேனா வாங்கினது, இந்த முக்கிலேதான் சைக்கிளிலிருந்து விழுந்தே. யாரோடு இந்தப் பேச்சு என்று ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"அம்மே, ஆரோடா ஈ பறயணது?"

"என்டெ மோனோட. பதுக்கெ ஓடிக்கு. அவன் இதொக்கெ கண்டிட்டு கொறே நாளாயி."

நீ இதையெல்லாம் பார்த்து நாளாயிற்றாம், மெதுவாக ஓட்ட வேண்டுமாம்! அவர் திரும்பிக் காலியிடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டியின் வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச தூரம் போனதும் அவரே மெதுவாக, "சேட்டா, ஆரியசால எத்தி, கேட்டோ" என்று உனக்கு இடம் சொன்னார்.

வீட்டில் கிளையை உன் கட்டிலில் வைத்து, வேஷ்டியை இழுத்துப் போர்த்திவிட்டாள் அம்மா. நேரே வாசலுக்குப் போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாள் கழித்து அந்தச் சத்தம்! நான் அடுக்களையில் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

"அந்தக் கண் டாக்டர்கிட்டே சொல்லு, வரேன்னு" என்றாள் உள்ளே வந்து. பிறகு மிகத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "கண்ணு ஆறட்டும். அப்புறம் திருவல்லம் கோயிலுக்குப் போய் அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுடலாம்."

இப்போது அவள் தூங்குகிறாள். நாளைக் காலை ஆபரேஷன். அதே ஆட்டோக்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். "வீட்டைப் பூட்டலாமா?" என்று கேட்டேன். "பூட்டேன், அதான் உள்ளே அவன் இருக்கானே" என்கிறாள்.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். நாளைக் காலை காப்பி குடிக்காமல் அம்மாவும் நானும் கிளம்புகிறோம். வலியசாலை முக்கில் திரும்புவோம். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவோம், அம்மா கண்ணில் கட்டோடு இருப்பாள், பயப்படாதே. இனிமேல் எங்கே கிளம்பினாலும், எங்கே வண்டி மாறினாலும், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அடி எடுத்து வைக்கமாட்டேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்.

உதைக்கிற உன் அக்கா,
லலிதா
வலியசாலை