மலைக்கும் முள்செடிக்கும் நடுவில்

4-2-1968, ஞாயிறு
இன்றும் படம் எடுக்கப் போகவேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஐந்து மணிக்கே எழுப்பிவிட்டார். ஆறு நாள் குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் நடத்திக் கால் வீங்குகிறது. ஏழாம் நாள் பீர்க்கங்கரணை ஏரிக்கரையில் நிற்கிறேன்.

சர்ச் ஆராதனைக்குப் போகிற வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் வரவேண்டும். அரையிருட்டில் அது ஒன்றுதான் அவர் காமிராவுக்குத் தெரியுமாம். மலையில் ஃபோகஸ் வைத்தால் முன்னாலிருக்கும் முள்செடி மங்கிவிடும். முள்செடியில் வைத்தால் மலை போய்விடும். நடுவில் வைத்து லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் இரண்டும் தப்பிக்கும். அந்த நடு நான்தான். ஃபோகஸ் கிடைத்ததும், "போதும் சீலி, தள்ளிக்கோ" என்பார். படத்தில் நான் விழக்கூடாது.

எருமை ஓட்டிவந்த அஞ்சம்மாள் கேட்டாள்: "இன்னாம்மா, வாரா வாரம் வந்து நின்னுகினு கீறே, வேண்டுதலா?"

ஆமாம் என்றேன்.

7-2, புதன்
தலைசுற்றல். பரீட்சைத் தாள்கள் திருத்தாமல் கிடக்கின்றன. இந்த ஞாயிறு தூங்குகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "பனி போயிட்டா இந்த வெளிச்சம் கிடைக்காது" என்கிறார். ஒரே ஒரு ஞாயிறு — தூங்கவிட்டால் என்ன குறைஞ்சுபோகும் இந்த மனுஷனுக்கு?

11-2, ஞாயிறு
நின்றபடியே கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துவாரம் சுருங்கினால் படம் பதிய இரண்டு விநாடியாவது ஆகும், புல்கூட அசையக்கூடாது. காற்று அப்போதுதான் நின்றிருந்தது.

"தள்ளு, தள்ளு!"

"முடியலைங்க."

"சரி, அப்போ அசையாம உட்காரு."

எடுத்தே விட்டார்! சர்ச்சில் பிரசங்கம் முழுக்கத் தூங்கினேன்.

14-2, புதன்
சமையலறையை இருட்டாக்கிப் பெரிதாகப் படம் கழுவினார். முள் ஒவ்வொன்றும் தெரிகிறது. மலையில் பாறை தெரிகிறது. இத்தனை வருடமாக அவர் ஆசைப்பட்ட படம் — நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு நான்.

பூதக்கண்ணாடியை முள்செடியிலிருந்து மலைப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

"கண்ணைச் சுத்தி இவ்ளோ கறுப்பா இருக்கே. எப்போலேர்ந்து?"

"போன வருஷத்துலேர்ந்து."

எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில்தானே படுத்துக்கொள்கிறேன்? திரும்பிப் பார்க்கக் கண்ணாடி எதற்கு?

18-2, ஞாயிறு
விழித்தபோது மணி எட்டரை. அவர் இல்லை, காமிரா இல்லை. துணி உலர்த்துகிற மூங்கில் கழியையும் காணோம், அவருடைய வெள்ளை வேட்டியையும் காணோம். ஏரிக்கரையில் எனக்குப் பதில் அது நிற்கிறது போலும்.

ஆராதனை ஆரம்பித்திருக்கும். புரண்டு படுத்தேன்.