முந்தானை மாட்டிய கதவு

3 மார்ச் 2025, திங்கள்

வரைவு வந்துவிட்டது! காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன். ரயில் கதவுகளுக்கு ஒரே பாதுகாப்பு விதி, ஏழு நாடுகளுக்கும் பொதுவாக. இதுவரை எங்கள் கம்பெனிக் கதவை இங்கே சோதித்து அனுப்புவோம். போன இடத்தில் அவர்கள் தங்கள் விதிப்படி மறுபடி முதலிலிருந்து சோதிப்பார்கள். இனி ஓர் ஊரில் தேறினால் எல்லா ஊரிலும் தேறியது. கதவுப் பிரிவில் இந்தியாவின் சார்பில் பேச இரண்டு பேர். அதில் ஒருத்தி நான்.

கிண்டியிலிருந்து அடையாறு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலி தெரியவில்லை. வீட்டில் ஹரியிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட என் கணவர் கடைசியில், "எல்லா நாட்டுக் கதவும் மூடிடும். நம்ம பால்கனிக் கதவு எப்ப மூடும்?" என்றார்.

7 மார்ச், வெள்ளி

நாளை மகளிர் தினம், சனிக்கிழமை. அதனால் ஆபீஸில் இன்றே கொண்டாட்டம். வழக்கமான பேன்ட் சட்டையை விட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். கேக் வெட்டி முடிந்ததும் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டேன். அங்கே ரயில் பெட்டிக் கதவு ஒன்றை அப்படியே இரும்புச் சட்டத்தில் மாட்டி வைத்திருக்கிறோம். வரைவில் சொன்னபடி மரக்கட்டையை நடுவே நீட்டினேன். கதவு தொட்டதும் திறந்துகொண்டது. பிரமாதம். கட்டையை எடுத்துக்கொண்டு திரும்பினேன், பின்னால் கதவு மூடியது. ஓர் அடி வைத்தேன். தோளில் ஏதோ இழுத்தது.

"கீர்த்தி, நவுராதே. துணி உள்ள கீது."

ஆசிஃப். எங்கள் டெக்னீஷியன், நான் வேலைக்குச் சேர்ந்த அதே வருடம் சேர்ந்தவன். அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

என் முந்தானை இரண்டு கதவுக்கும் நடுவில். மேலே பச்சை விளக்கு எரிகிறது. எல்லாம் சரி, வண்டி புறப்படலாம் என்று அதற்கு அர்த்தம். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம், வரவில்லை. பொத்தானை அழுத்தித் திறந்துதான் எடுத்தோம்.

வண்டி ஓடியிருந்தால்?

கட்டை தெரிகிற கதவுக்குத் துணி தெரியவில்லை. வரைவில் துணி என்ற வார்த்தையே இல்லை. ஏழு நாட்டு நிபுணர்கள் எழுதியது — நானும்தானே வரிவரியாகப் படித்தேன்? முதலில் பயமாக இருந்தது. இப்போது இருப்பதற்கு என்ன பெயர்? தூக்கம் வரப்போவதில்லை, அது மட்டும் நிச்சயம்.

10 மார்ச், திங்கள்

சாய்நாத் சாரிடம் சொன்னேன். எங்கள் பிரிவுத் தலைவர், நல்ல மனிதர், கோபமே வராது. இன்று கொஞ்சம் வந்தது.

"வரைவுப்படி நம்ம கதவு தேறுது. நீயே போய்ப் புதுசா ஒரு சோதனை சேக்கச் சொன்னா, முதல்ல விழப்போறது நம்ம கதவுதான். ஆர்டர் கையில இருக்கு, தெரியும்ல?"

தெரியும். அதற்காக? கூடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு துப்பட்டாவை மாட்டிக் காட்டினேன். அவரே இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "கேள்வியை எழுப்பு. ஆனா விதி வர்றதுக்குள்ள நம்ம கதவு அதுல தேறியாகணும்" என்றார்.

தேறும். தேற வைப்போம்.

15 மார்ச், சனி

தி.நகரில் அப்பாவின் ஜவுளிக்கடை. சனிக்கிழமைக் கூட்டத்தில் நுழையவே பாடு. பட்டு, கஞ்சி போட்ட காட்டன், ஜார்ஜெட், துப்பட்டா, லுங்கி, எல்லாவற்றிலும் ஒரு துண்டு கேட்டேன். தங்கவேல் முதலாளி, அதாவது என் அப்பா, கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"கட்டுறதுக்குச் சேலை கேட்டு வருதாங்க. கதவுல மாட்டுறதுக்குக் கேட்டு வந்தது நீ ஒருத்திதாம்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முந்தானை விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டு முறை கேட்டார். சென்னைக்கு வந்து எத்தனை வருடம் ஆகிறது, மனசு இளகினால் இன்னும் திருநெல்வேலிதான்.

18 மார்ச், செவ்வாய்

பட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. காட்டனை அசைக்க முடியவில்லை. ஜார்ஜெட் இருப்பதே கதவுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் ஒரு குணம்!

28 மார்ச், வெள்ளி

காணொளிக் கூட்டம். என் முறை வந்தபோது கதவில் துணி மாட்டிய படங்களைக் காட்டினேன். குழுத் தலைவர் மரியாதையாகத்தான் சொன்னார்: இது உங்கள் நாட்டு உடை சம்பந்தப்பட்டது, இந்தியாவுக்கு மட்டும் தனி விதிவிலக்காக வைத்துக்கொள்ளலாமே.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆளுக்கொரு விதிவிலக்கு என்றால் பொதுவிதி எதற்கு? பழையபடி ஊருக்கு ஊர் சோதனைதானே? அதை நாகரிகமாகச் சொல்ல ஆங்கிலம் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் கஜகஸ்தானிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். பெயர் ஐகுல். அவர்கள் ஊர்க் குளிரில் எல்லாருக்கும் கம்பளிச் சால்வை உண்டாம். குழந்தைகளின் கையுறைகள் தொலையாமலிருக்க இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுவிடுவார்களாம். தன் மகனுக்கும் அப்படித்தான் என்றாள்.

மே மாதம் சென்னையில் நடக்கும் கூட்டத்தில் செய்து காட்டுங்கள், அப்புறம் முடிவெடுப்போம் என்றார் தலைவர்.

முகமே தெரியாத ஊரில் எனக்கு ஒரு தோழி!

19 ஏப்ரல், சனி

விடுமுறை நாளிலும் ஆசிஃப் வந்தான். ஜார்ஜெட்டைக் கண்டுபிடிக்கிற அளவுக்குக் கதவைக் கூர்மையாக்கினால் தூசு பட்டால்கூடத் திறந்துகொள்கிறது. பிறகு வண்டி எப்போதுதான் கிளம்பும்? வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

"புடிச்சத கண்டுபுடிக்க முடியலன்னா உட்டுட சொல்லு" என்றான், பாதி எரிச்சலில்.

அதுதான்! துணியைக் கண்டுபிடிக்க வேண்டாம். லேசாக இழுத்தால் விட்டுவிட வேண்டும், ஒரு குழந்தை இழுக்கிற பலத்துக்கு. கதவின் ரப்பர் விளிம்பை மிருதுவாக்கினால் போதும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்ததில் டீ கொட்டிவிட்டது.

2 மே, வெள்ளி

துணியை விடுகிறது. மழைத் தண்ணீரையும் உள்ளே விடுகிறது.

9 மே, வெள்ளி

இன்றும் ஒழுகியது. ஆசிஃபிடம் எரிந்து விழுந்தேன். மன்னிப்புக் கேட்டேன். மறுபடி விழுந்தேன்.

16 மே, வெள்ளி

விளிம்பில் வெளிப்பக்கம் தடிப்பு, உள்பக்கம் மெத்தென்று. குழாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சினோம். சொட்டுகூட இல்லை. காட்டன் துப்பட்டாவை ஆசிஃப் இரண்டு விரலால் உருவினான். வந்துவிட்டது. சாய்நாத் சார் தானும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று உருவிக்கொண்டே இருந்தார்.

21 மே, புதன்

தி.நகர் ஓட்டலில் கூட்டம். பழைய விளிம்பு, புதிய விளிம்பு இரண்டோடும் கதவின் ஒரு பகுதியை அறுத்துக் கொண்டுபோயிருந்தோம். ஐகுல் தன் மகனின் கையுறைக் கயிற்றையே கொண்டுவந்திருந்தாள். பழைய விளிம்பில் மாட்டினாள். குழுத் தலைவரை இழுக்கச் சொன்னாள். பெரிய உருவம், இரண்டு கையாலும் இழுத்தார், வரவில்லை. புதிய விளிம்பில் ஒரு விரலால் வந்தது.

22 மே, வியாழன்

துணிச் சோதனையைச் சேர்த்துவிட்டார்கள். ஏழு நாட்டுக்கும், விதிவிலக்கு இல்லாமல். ஆனால் புதிய வண்டிகளுக்கு மட்டும். ஏற்கெனவே ஓடுகிறவற்றுக்குக் கிடையாது. எவ்வளவோ பேசிப் பார்த்தேன். நடக்கவில்லை. அனுப்பத் தயாராக இருந்த எங்கள் கதவுகளையும் நிறுத்தி விளிம்பு மாற்ற வேண்டும். சாய்நாத் சார் அங்கேயே போனை எடுத்து, ஆர்டர் தந்தவர்களிடம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டார். முகம் சுருங்கவில்லை.

பாதி கிடைத்தது. பாதிக்கே இவ்வளவு துள்ளுகிறதே மனசு!

10 பிப்ரவரி 2026, செவ்வாய்

பொதுவிதிப்படி எந்த நாட்டுக் கதவையும் சோதிக்க எங்கள் கூடத்துக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது. விதி அமலுக்கு வந்தபின் இங்கே வந்த முதல் வெளிநாட்டுக் கதவு, ஐகுலின் நாட்டிலிருந்து. நேற்றுத் துணிச் சோதனையில் விழுந்தது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துப்போனேன். சொன்னதும் அவள் கேட்டது, எதை மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான். அங்கே மறுபடி சோதிப்பீர்களா என்றேன். எதற்கு, நீ சோதித்துவிட்டாயே என்றாள்.

இன்று மாற்று விளிம்பு போட்டோம். தேறியது. அறிக்கையில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். இதை இனி எந்த ஊரிலும் யாரும் திரும்பச் சரிபார்க்கப்போவதில்லை.

பேனாவை மூடிவைத்துவிட்டு, கூடத்துக்குப் போய் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.