ஆணி அடிக்காத சுவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி அணில்குட்டியும் அதேபோல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். இதை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல என்னால் முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கரும்பலகையில் தேதி எழுத டீச்சர் என்னைத்தான் கூப்பிடுவார், அந்தக் கையெழுத்து இன்னும் கெட்டுப்போகவில்லை, நிதானமாகப் படி. உன் அண்ணனுக்கு இப்போது பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் பை தைக்கிற வேலை தலைக்கு மேல் இருக்கிறது, சாப்பிடக்கூட மெஷினை விட்டு எழுந்திருப்பதில்லை. எனக்குத்தான் கண் கொஞ்சம் மங்கல், ஊசியில் நூல் கோக்க அவனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அம்மா, நீ பெத்தது என்னை இல்ல, நூல் கோக்கிற ஆளைன்னு கிண்டல் பண்ணுகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் காட்டினாயே, அந்த உயரமான அலமாரியில் அணில்குட்டி கீழ் இழுப்பறையை இழுத்து, அதற்கு மேலே உள்ளதையும் இழுத்து, படி ஏறுகிற மாதிரி பிஸ்கட் டப்பாவுக்கு ஏறினாளே. அம்மா, இவ சாமர்த்தியத்தைப் பாரேன்னு நீ சிரித்தாய். அப்போது போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னேன் அல்லவா, தீரவில்லை. நான்தான் அணைத்தேன். அணைத்துவிட்டு சமையல்கட்டில் போய்க் கையைக் கழுவிக்கொண்டே நின்றேன். மறுநாள் அதைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போடு என்று சொன்னதற்கு, துளை போடக்கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்காங்கம்மா, நானும் உன் பொண்ணுதானே, ஒரு ஆணி அடிச்சதில்லன்னு பெருமையாகச் சொன்னாய். அந்தப் பெருமை நான் ஊட்டியது. பதினோரு வருடம் ஒரு ஆணி அடிக்காமல் குடியிருந்தோம் என்று சின்ன வயதில் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அந்தக் கதையில் நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள்.

அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குப் போன அன்றே, முன்னாடி இருந்தவங்க என் சுவத்தைச் சல்லடை ஆக்கிட்டாங்கன்னு வீட்டுக்கார அம்மா அழாத குறையாகச் சொன்னார். அன்றிலிருந்து நான் காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில் நூல் கட்டித்தான் மாட்டினேன். அந்தப் பொண்ணு குடித்தனத்தைப் பார்த்துக் கத்துக்கோங்கன்னு அந்த அம்மா தெருவில் எல்லாரிடமும் சொல்லும்போது எனக்குத் தலை கால் புரியாது. உன் அப்பா அச்சாபீசில் கழித்துப் போட்ட நாலு இழுப்பறை அலமாரியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நம் தரை வாசல் பக்கம் கொஞ்சம் சரிவு, இழுப்பறையைத் திறந்தால் அலமாரி முன்னால் அசையும். அவர் இரண்டு இரும்புப் பட்டையும் நாலு திருகாணியும் ஒரு காகிதப் பொட்டலத்தில் வாங்கி வந்தார். நான் விடவில்லை. இத்தனை வருஷம் எடுத்த பேரை ஒரே நாள்ல கெடுக்கப் பாக்கறீங்களான்னு சண்டை போட்டேன். அவர் பொட்டலத்தை மேல் இழுப்பறையில் போட்டுவிட்டு, உன் பேரு உன்கிட்டயே இருக்கட்டும்னு போய்விட்டார். உனக்கு அப்போது இரண்டரை வயது. நீ எதை எடுத்தாலும் நான் பிடுங்கி அந்த அலமாரி மேலேதான் வைப்பேன், பவுடர் டப்பா, பொம்மை, கத்தரிக்கோல் எல்லாம். உன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு, கைக்கு எட்டாது என்று நிம்மதியாக இருந்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் மத்தியானம் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்தேன். உன் அண்ணன் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான், ஒன்பது வயது. நீ இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து ஏறிவிட்டாய். அலமாரி சாய்வதைப் பார்த்து அவன் ஓடிவந்து உன்னை இழுத்து வெளியே தள்ளினான். அவன் கால் அலமாரிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சத்தம் கேட்டு நான் இறங்கி வந்தபோது தரை முழுக்க அந்தத் திருகாணிகள் சிதறிக் கிடந்தன. உனக்கு ஒரு கீறல்கூட இல்லை, பவுடர் கொட்டிவிட்டது என்று அழுதுகொண்டிருந்தாய்.

அவன் மாடிப்படியில் வழுக்கி விழுந்தான் என்று உன்னிடம் சொன்னது பொய். இரண்டு தடவை காலைத் திறந்து வைத்தியம் பார்த்தும் ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டையாக நின்றுவிட்டது. அதற்கு முன்பு பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் அவனை யாரும் பிடிக்க முடியாது, அது உனக்குத் தெரியாது, நீ பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தப் பிள்ளை சொன்னது, பாப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா, என் காலைப் பாக்கறப்பல்லாம் அழுவா. அதனால் மூடி வைத்தோம், உன் அப்பா கண் மூடும் வரையில் வாய் திறக்கவில்லை. நீ வளர்ந்து அவன் நடக்கிற சத்தத்தை வைத்து தாளம் வருது தாளம் வருதுன்னு கூப்பிடுவாயே, அவனும் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு சுற்று நடந்து காட்டுவானே, அப்போதெல்லாம் நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை கண்ணு, இரண்டரை வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும், தப்பு முழுக்க என்னுடையது. அவனால் படி ஏற முடியவில்லை என்றுதான் ஐந்து மாதத்தில் அந்த வீட்டைக் காலி செய்தோம். போகிற அன்று வீட்டுக்கார அம்மா சுவரெல்லாம் கையால் தடவிப் பார்த்து, ஒரு ஆணி அடிச்ச தடம் இல்ல, மகராசியா இருன்னு வாழ்த்தினார். அதையும் தலை நிமிர்ந்து வாங்கிக்கொண்டேன். என் பிள்ளை எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் அழுததைப் பார்த்து அவன்தான், இத்தனை வருஷம் மூடி வெச்சது போதும், குழந்தைக்காகச் சொல்லிடும்மா, ஆனா திட்டற மாதிரி எழுதாதேன்னான். மறுநாள் இரண்டு பேரும் மரச்சாமான் கடைக்குப் போய் அங்கே வேலை செய்கிற தச்சரைக் கேட்டோம். கனமான சாமான் எல்லாம் அடியில் போகவேண்டும், மேலே ஒன்றும் வேண்டாம், பிஸ்கட் டப்பாவை இன்றைக்கே அங்கிருந்து எடு. இழுப்பறைக்குக் குழந்தைப் பூட்டு போடு, ஒன்று திறந்தாலும் ஆபத்துதான். முன் கால் இரண்டுக்கும் அடியில் மெல்லிய ஆப்பு வைத்தால் அலமாரி சுவர்ப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். கூரைக்கும் அலமாரிக்கும் நடுவே முறுக்கி நிறுத்துகிற முட்டுக்கம்பி கிடைக்குமாம், சுவரில் ஒட்டுகிற பட்டையும் உண்டாம். ஆனா இதெல்லாம் துணைக்குத்தாம்மா, திருகாணி மாதிரி வராதுன்னு அவர் கண்டிப்பாகச் சொன்னார். அதனால் வீட்டுக்காரரிடம் குழந்தை இருக்கிறது என்று எழுதிக் கேள், காலி செய்யும்போது பூசித் தருகிறேன் என்று சொல். சரி என்று பதில் வரும்வரை அந்த அலமாரியைக் காலி பண்ணி, மாப்பிள்ளையும் நீயுமாகப் பிடித்துத் தரையில் படுக்க வைத்துவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, இருக்காவிட்டால் போகிறது. சுவரில் ஓட்டை விழுந்தால் ஒரு கை சாந்தில் மூடிவிடலாம்.

பார்சலில் உன் அண்ணன் தைத்த இரண்டு பட்டை வரும், பள்ளிக்கூடப் பை வார் மாதிரி அகலமாக, கொக்கியோடு. உன் ஜன்னல் கம்பி போனில் பார்க்க கெட்டியாகத்தான் தெரிந்தது, உன் புத்தக அலமாரியும் உயரம்தான், அதையும் அந்தக் கம்பியோரம் நகர்த்தி, பின்பக்கச் சட்டத்தில் சுற்றி இறுக்கிக் கட்டு. நாலு வரிசை தையல் போட்டிருக்கிறான், அவனே அதில் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் கட்டிக் கொடுத்தான். கட்டிய பிறகு குழந்தையை வேறு அறையில் விட்டுவிட்டு நீ பலமாக இழுத்துப் பார், ஆடினால் அப்படியே விட்டுவிடாதே, இன்னும் இறுக்கு. போட்டோ எடுத்து அனுப்பு, மறந்துவிடாதே, அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்கவேண்டும், அணில்குட்டி ஓடி ஆடி வளரவேண்டும். இதைப் படித்துவிட்டு நீ அழுவாய், அழுதுவிடு. ஆனால் அவனோடு பேசும்போது திடீரென்று பயபக்தியாக அண்ணா என்று ஆரம்பித்துவிடாதே. எப்போதும் போல் தாளம் என்றே கூப்பிடு. அவன் அந்த ஒன்றுக்குத்தான் பயப்படுகிறான்.

இப்படிக்கு
உன் அம்மா