பேர் போடாத ரிப்போர்ட்

வரதய்யபாளையம் பக்கம்
16-3-2025

கண்ணு பாப்பாவுக்கு ஆயா எழுதறது.

உன் காலேஜு ரிப்போர்ட்டுக்காக நீ கேள்வி கேட்ட அன்னைக்கு நம்ம வூட்டு வாசல்ல இருந்தவங்க: நான், நீ, போனை மடியில வெச்சுக்கினு பேச்சைப் பதிவு பண்ண உன் சிநேகிதி சபீனா, போரு வூட்டு அக்கா, டைலர் பொண்டாட்டி, சர்பத்து வூட்டு மருமக சுமித்ரா. நடுவுல பூக்கார நாகையா நெருப்புப் பெட்டி கேட்டுக்கினு வந்தான். பொம்பளைங்க பேச்சு நடக்குது, அப்புறம் வான்னு நீயே அவனை அனுப்பி வெச்சே. அதுக்கு மேல ஒரு ஈ காக்கா அங்க இல்ல. நான் மறக்கறவ இல்லன்னு உனக்கே தெரியும். உங்கம்மா சீமந்தத்துல என் வரிசைத் தட்டை ஓரமா தள்ளி வெச்சவ என்ன கலர் புடவை கட்டியிருந்தான்னு இப்பக் கேட்டாலும் சொல்வேன்.

நேத்து காலையில சுமித்ராவை ஸ்ரீ சிட்டியில கம்பெனி கேட்லயே நிறுத்திட்டாங்க. கூட பஸ்ல போனவங்க எல்லாம் உள்ள போயிட்டாங்க. சூப்பர்வைசர் சாய்குமார் அவ கழுத்துல இருந்த கார்டைக் கழட்டி வாங்கிக்கினு, "இன்னா சர்பத்து, இன்னைக்கு ரெண்டு டோக்கனும் கொண்டாந்தியா?"ன்னு கேட்டானாம். அவ தன் வூட்டுக்குப் போவல, நேரா என்கிட்ட வந்தா. அழுவல. "இது நம்ம வாசல்ல பேசினது ஆச்சேம்மா"ன்னு மட்டும் கேட்டா.

பாத்ரூம் போறதுக்கு ஒரு லைனுக்கு ஒரே டோக்கன், ஒருத்தி கையில அது இருந்தா இன்னொருத்தி அடக்கிக்கினு நிக்கணும், அதனால பெயிண்ட் டப்பா மூடியை வெட்டி அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சேன்னு அவ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். போரு வூட்டு அக்கா சிரிச்சு சிரிச்சுப் புரை ஏறிப்போச்சு. நீயும்தான் சிரிச்சே. அது சாய்குமார் காதுக்கு எப்படிப் போச்சு?

போன்ல கேக்கலாம்னா என் போனு இப்ப ஸ்பீக்கர்ல மட்டும்தான் பேசுது, தெருவே கேக்கும். நாகையா பூ மூட்டையோட திருப்பதிக்கு வரான், அவன்கிட்ட குடுத்தனுப்பறேன். பதிலும் அவன்கிட்டயே குடு. தமிழ்லயே எழுது, எனக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது.

சுமித்ராவுக்குப் புருஷன் இல்ல, ரெண்டு புள்ளைங்க. அதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்ல.

இப்படிக்கு,
உன் ஆயா ரத்னம்மா

---

திருப்பதி, ஹாஸ்டல்
18-3-2025

அன்புள்ள ஆயாவுக்கு யமுனா எழுதிக்கொள்வது.

உன் லெட்டரைப் படிச்சதுல இருந்து சோறு இறங்கல. சுமித்ரா அக்காவுக்கு இப்படி ஆகும்னு நான் கனவுல கூட நினைக்கல.

ஆனா ஆயா, என் மேல சந்தேகப்படாதே. எங்க எம்.பி.ஏ.ல இந்த வருஷம் ரிசர்ச் மெத்தட்ஸ்னு ஒரு பாடம். ஒரு விஷயத்தை எப்படி விசாரிக்கணும், யார்கிட்ட கேக்கணும், கேட்டதை எப்படி எழுதணும்னு சொல்லித் தர்றது அது. பொம்பளைங்க ஏன் கம்பெனி வேலையை பாதியில விட்டு நிக்கிறாங்கன்னு நான் எடுத்துக்கினேன். அதுக்குத்தான் உங்களையெல்லாம் உக்கார வெச்சுப் பேச விட்டது. பேசினவங்க பேரை வெளிய சொல்லக்கூடாதுங்கறதுதான் அதுல முதல் சட்டம். என் ரிப்போர்ட்ல ஒருத்தர் பேர் கூட இல்ல. நீயே வந்து பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ரிப்போர்ட்டைப் படிச்சுக் காட்டின அன்னைக்கு எங்க கோபிகிருஷ்ணன் சார் அந்தக் கம்பெனி ஹெச்.ஆர். மேடமை விருந்தாளியாக் கூப்பிட்டிருந்தார். அவங்க கைதட்டிட்டு, ஒரு காப்பி வாங்கிக்கினு போனாங்க. அவ்வளவுதான். டோக்கன் விஷயத்தை பஸ்ல யாராவது உளறி இருப்பாங்க. டைலர் அக்காவுக்கு வாய் நிக்காதுன்னு நீதானே சொல்வே.

வெயில் ஏறிப்போச்சு, சாயந்தரமெல்லாம் வெளிய போகாதே. நாகையா மாமாகிட்ட மாங்கா ஊறுகாய் குடுத்தனுப்பு.

உன் பேத்தி,
யமுனா

---

வரதய்யபாளையம் பக்கம்
23-3-2025

பாப்பாவுக்கு,

ஊறுகாய் அப்புறம் பாக்கலாம்.

டைலர் பொண்டாட்டி மேல பழி போட்டே. அவளேதான் உன் ரிப்போர்ட்டை எனக்குப் படிச்சுச் சொன்னா. கம்பெனி பஸ்ல எல்லார் போன்லயும் அதுல ஒரு பக்கம் போட்டோவா சுத்துது. இங்கிலீஷை அவ எழுத்துக் கூட்டிப் படிச்சு, தமிழ்ல சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கினு இருந்தேன். "சர்பத்து வூட்டு மருமகள். கணவர் இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள். மூன்றாவது லைன்." அதுக்குக் கீழ டோக்கன் கதை, பெயிண்ட் மூடியோட.

பேர் போடலதான். நம்ம தெருவுல பேர் சொல்லி யாரு யாரைக் கூப்பிடறாங்க? சுமித்ரா வூடு எதுன்னு கேட்டா எதிர் வூட்டுக்காரனே கொஞ்சம் யோசிப்பான். சர்பத்து வூடுன்னு கேட்டா பஸ் டிரைவர் கூட இறக்கி விடுவான். கம்பெனி லைன்லயும் அவளுக்கு அந்தப் பேர்தான். அன்னைக்கு அவ தன் பேரைச் சொல்ல வந்தப்ப, "பேர் வேணாம்க்கா, ஊர்ல கூப்பிடற மாதிரியே கூப்பிட்டுக்குங்க, அப்பதான் யாருன்னு தெரியாது"ன்னு சொன்னது நீ. சொல்லிட்டு முறுக்கு எடுத்துத் துன்னே.

எப்படி இந்தத் தப்பு வந்துச்சுன்னு எனக்குப் புரியுது. நீ காலேஜ்ல உக்காந்து எழுதறப்ப, பேர்னா கார்டுல இருக்கறதுதான்னு நினைச்சுட்டே. தப்பு பண்ணிட்டே, சரி. இப்ப அதை எடுத்துப் போடணும்.

உன் சார்கிட்டயும் அந்த மேடம்கிட்டயும் போய், அந்த டோக்கன் கதை நானே கட்டினது, அப்படி யாரும் சொல்லலன்னு சொல்லு. சாய்குமார் கையில வேற சாட்சி இல்ல. அந்த மூடியை அவ அன்னைக்கே அடுப்புல போட்டுட்டா. நீ ஒரு வார்த்தை சொன்னா அவளைத் திரும்ப எடுத்துக்குவாங்க.

அவ மாமியார் ரெண்டு நாளா என்னைப் பாத்து முகத்தைத் திருப்பிக்கினு போறா. அந்த வாசல்ல எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சவ நான்.

ஆயா

---

திருப்பதி
29-3-2025

அன்புள்ள ஆயாவுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழிச்சேன்.

நீ சொல்றது கேக்க சுலபமா இருக்கு. நானே கதை கட்டினேன்னு சொன்னா, பொய் டேட்டா குடுத்தேன்னு என்னைப் பரீட்சையே எழுத விட மாட்டாங்க. ஒரு வருஷம் போகும். காலேஜ் முழுக்க அந்தப் பேர் ஒட்டிக்கும். நைனா ரேணிகுண்டாவுல லாரி பட்டறையில கையைச் சுட்டுக்கினு என்னைப் படிக்க வைக்கிறாரு. அவருக்கு நான் இன்னா சொல்றது?

உன்கிட்ட மறைக்க எனக்கு மனசு வரல. சபீனா எனக்கு முன்னாடியே சொன்னா, "இதைப் படிச்சா யாருன்னு தெரிஞ்சிடும் யமுனா, சர்பத்து வூட்டு மருமகள்ங்கறதையும் டோக்கனையும் எடுத்துடு"ன்னு. எடுக்கலாம்னுதான் இருந்தேன். கோபிகிருஷ்ணன் சார், "இந்தப் பகுதிதான் ரிப்போர்ட்டுக்கே உயிர், இதை எடுத்தா மத்ததெல்லாம் வெறும் பர்சன்டேஜ்"னார். விட்டுட்டேன். கோவப்படணும்னா அவர் மேல கோவப்படு. மேடமைக் கூப்பிட்டதும் அவர்தான், காப்பி குடுத்ததும் அவர்தான்.

நான் ஹெச்.ஆர். மேடமை நேர்ல பாத்து சுமித்ரா அக்காவுக்காகப் பேசறேன். பேசித் திரும்ப வேலைக்கு எடுக்க வைக்கறேன். கொஞ்சம் டைம் குடு ஆயா. என்னை நம்பு.

யமுனா

---

வரதய்யபாளையம் பக்கம்
27-4-2025

யமுனாவுக்கு,

நம்பினேன். ஒரு மாசம் வாயைத் திறக்கல. சுமித்ரா தினமும் தலைவாரிக்கினு பஸ் வர்ற நேரத்துக்கு ரோட்டு வரைக்கும் வந்து நிப்பா. பாப்பா பேசிக்கினு இருக்கும்மா, கூப்பிடுவாங்கம்மான்னு சொல்லுவா. உன் பேரை அவ ஒரு நாளும் கெடுத்துச் சொல்லல.

வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிக்கினு நானே ஸ்ரீ சிட்டிக்குப் போனேன். கேட்ல வெயில்ல நின்னோம். சாய்குமார் வெளிய வந்தான். நான் சொன்னேன், "தம்பி, அந்த டோக்கன் கதை என் பேத்தி மார்க்குக்காகக் கட்டினது. இவ ஒண்ணும் பண்ணல." பொய்தான். தைரியமாத்தான் சொன்னேன்.

அவன் சிரிக்கல. அது எனக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு. "பாட்டி, உங்க பேத்தி இந்த மாசம் முதல் வாரமே வந்துட்டுப் போனாங்க. மேடம் கூப்பிட்டதால நானும் அந்த ரூம்ல நின்னுக்கினு இருந்தேன். இது நிஜமான்னு மேடம் கேட்டாங்க. ஒரு எழுத்து கூட கட்டினது இல்ல, ரெக்கார்டிங் இருக்குன்னு சொன்னாங்க. ஜூன்ல இங்கயே டிரெய்னியா சேர்றாங்க, உங்களுக்குத் தெரியாதா?"

நான் கேட்டேன், "சுமித்ராவைப் பத்தி இன்னா பேசினா?"

"அந்தப் பேச்சே வரல பாட்டி."

சுமித்ரா என் கையைப் புடிச்சு பஸ்ஸுக்குக் கூட்டிக்கினு வந்தா. நான்தான் அவளைக் கூட்டிக்கினு போனது, வரும்போது அவ என்னைக் கூட்டிக்கினு வந்தா. இப்ப மாங்கா கூழ் பேக்டரியில சீசன் வேலைக்குப் போறா. மாங்கா பால் பட்டு கை முழுக்கக் கொப்புளம். "பாப்பா படிக்கிற புள்ள, பயந்திருக்கும், நீங்க மனசுல வெச்சுக்காதீங்கம்மா"ன்னு எனக்கே புத்தி சொல்லிட்டுப் போறா.

உங்க நைனாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். வேலையில சேரு, நல்லா இரு. கெங்கையம்மா ஜாத்திரைக்கு வந்தா இலை போடுவேன், நீ துன்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காருவேன். அந்த வாசல்ல மட்டும் இனிமே யாரையும் உக்கார வெச்சுக் கேள்வி கேக்காதே.

ராத்திரி பகலா எல்லாரையும் ஒவ்வொருத்தரா எடுத்து வெச்சுப் பாத்துட்டேன். சாய்குமார் சம்பளத்துக்கு நிக்கிறவன், கேட்டதுக்கு உண்மையைச் சொன்னான், அவனை விட்டுட்டேன். அந்த மேடம் முகத்தை நான் பாத்ததில்ல. உன் சார் என் வூட்டுத் தண்ணி குடிச்சவர் இல்ல, சுமித்ரா யாருன்னு அவருக்குத் தெரியாது, அவர் மேலயும் எனக்கு வழக்கு இல்ல. சபீனா ஒரு தடவைதான் வந்த பொண்ணு, அவளுக்கு இருந்த பயம் கூட நம்மாளுக்கு இல்ல. சபீனா சொல்லியும் சர்பத்து வூடுன்னே நீ எழுதி வெச்சது புத்தி கெட்டத்தனம், அதையும் விட்டேன்.

அந்த ரூம்ல நின்னுக்கினு, பேசறேன்னு எனக்கு எழுதிக் குடுத்துட்டு, வாயை மூடிக்கினு வந்தவளை மட்டும் என்னால விட முடியல. சுமித்ரா மன்னிச்சது அவ மனசு. நான் மன்னிக்க மாட்டேன், நான் சாகற வரைக்கும், யமுனாவை.

ரத்னம்மா