ஒத்துழைக்காதவர்கள் பதினொரு பேர்

ஜனவரி 13, திங்கள்

வாசலில் பனி வாரி முடிப்பதற்குள் ஒன்பது மணி ஆகிவிட்டது. டுலூத்தில் வீடு வைத்திருப்பவளுக்குக் குளிர்காலத்தில் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்று டாக்டர் ஓலண்டிடம் கேட்டேன். உடற்பயிற்சி ஆய்வகத்தின் தலைவியிடம் கேட்கக்கூடிய கேள்வி அல்ல போலிருக்கிறது. அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் சுற்று அளவுகள் வந்துவிட்டன. முப்பத்தெட்டு மாற்றுத்திறனாளிகள். நடக்க முடிந்தவர்களுக்கு வியாழன் உடற்பயிற்சி வகுப்பு, சக்கர நாற்காலிக்காரர்களுக்குச் செவ்வாய் வகுப்பு. மாதத்தில் ஒரு வாரம் எல்லோரும் இடுப்பில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் செருகிக்கொள்ள வேண்டும். அசைவைக் கருவி எண்ணும். அது எண்ணியதை மூன்றாம் மாடியில் உட்கார்ந்து நான் எண்ணுவேன். எங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டு ஏப்ரல் ஒன்பதாம் தேதி நிதிக்குழு வகுப்புகளைத் தொடர்வதா, மூடுவதா என்று முடிவு செய்யும்.

இதில் பதினொரு பேர் கருவியைப் போடவே இல்லை! மூன்று மாதமும் ஒரே கதை. இலவசமாக வகுப்பு வேண்டும், ஒரு தீப்பெட்டியைச் சுமக்க மட்டும் வலிக்கிறது. எங்கள் தொழிலில் இவர்களுக்கு ஒரு பெயர் உண்டு: ஒத்துழைக்காதவர். பதினொரு பெயருக்கு எதிரேயும் அதைத் தட்டினேன். கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

ஜனவரி 15, புதன்

பதினொரு பேருக்கும் கடிதம் போட்டாயிற்று. கருவி அணியாததால் உங்கள் அளவுகள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. மரியாதையாகத்தான் எழுதினேன்.

வரைவு அறிக்கையும் தயார். செவ்வாய் வகுப்பை நிறுத்தலாம் என்று டாக்டர் ஓலண்ட் ஒரு வரி சேர்த்திருக்கிறார். பதினொரு பேருமே செவ்வாய்க்காரர்கள். அளவே வராத வகுப்பு எதற்கு என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

ஜனவரி 22, புதன்

ஜோலீன் டுபே என்ற பெண் கருவியைத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டாள். உறைக்குள் ஒரு வரிகூட இல்லை. ஒட்டுநாடாவை மட்டும் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தாள். பிரிக்கக் கத்தி தேவைப்பட்டது.

ஜனவரி 28, செவ்வாய்

டுவேன் வூலெட் தொலைபேசியில் அழைத்தார். அறுபத்தொரு வயது. ஏரிக் கப்பல்களில் வேலை பார்த்தவர், பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் சரக்கறைக்குள் விழுந்து முதுகெலும்பு போனவர். இதெல்லாம் படிவத்தில் இருப்பது. ஆளை நான் பார்த்ததில்லை.

"தூங்கறப்பகூடக் கழட்டலம்மா. குளிக்கறப்ப மட்டும் எம் பெண்டாட்டி ஆர்லிஸ் கையில குடுப்பேன். வேணும்னா அவளையே கேளு."

கருவி பொய் சொல்லாது என்றேன்.

"அப்ப நான்தான் பொய் சொல்றேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அடுத்த வியாழன் காலை கடைக்குப் போகிறாராம், நானும் வரவேண்டுமாம், என் கையாலேயே கருவியை மாட்டிவிட வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அந்தக் குரலுக்கு வேறு என்ன சொல்ல முடியும்?

பிப்ரவரி 6, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கண்ணால் பார்த்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. கருவியை நானே அவர் பெல்ட்டில் மாட்டினேன், விளக்கு எரிவதை இரண்டு முறை சரிபார்த்தேன். வீட்டிலிருந்து கடைக்கு இறக்கம், அதில் எனக்குக் கவலையில்லை. திரும்பும்போது இரண்டு தெரு நீளத்துக்கு ஒரே ஏற்றம். மடியில் பால், உருளைக்கிழங்கு, ஆர்லிஸுக்கு பாஸ்டி என்கிற இறைச்சி அப்பம் இரண்டு. சக்கரத்துக்கு முரட்டு டயர். நடைபாதையில் பனியை ஒழுங்காக ஒதுக்காததால் சாலையோரமாகவே வந்தார்.

ஒரு தள்ளு. சக்கரம் பின்னால் நழுவுவதற்குள் கைகள் திரும்பப் பற்றியாக வேண்டும். அடுத்த தள்ளு. நான் எண்ண ஆரம்பித்தேன், எண்ணுவதுதானே என் பிழைப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு. பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது, நான் வெறுங்கையோடு நடந்து வந்தவள். அவர் தோள் இரண்டும் மேல்கோட்டுக்குள் எழுந்து எழுந்து விழுந்தன. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. அந்தக் குளிரில், வியர்வை!

வாரத்துக்கு எத்தனை முறை என்று கேட்டேன்.

"தினம்தான். பால் வாங்கணும்னு இல்ல. வகுப்புல ஏறின பலம் இறங்கிடக்கூடாதுல்ல."

அக்டோபரில் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் நடுவில் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாராம். இன்றைக்கு ஓரிடத்திலும் நிற்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் ஆர்லிஸ் எனக்கு நாற்காலி தேடினாள். "உக்காரும்மா, நீதான் களைச்சுப்போயிருக்க," என்றார் அவர். மூவரும் சிரித்தோம். இருபது வருடமாக மனித உடம்பைப் பற்றி எழுதிச் சம்பளம் வாங்குகிறேன், அதைப் பார்த்தது இன்றைக்குத்தான் என்று தோன்றியது.

பிப்ரவரி 7, வெள்ளி

அவர் கருவியைக் கணினியில் இறக்கினேன்.

"அணியப்படவில்லை."

என் கையால மாட்டினேனே! நான் பக்கத்துலயே நடந்தேனே! கத்தியேவிட்டேன், அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம் உறைத்தது. இடுப்பு. பத்தொன்பது வருடமாக அசையாத இடுப்பு. அதில் கருவியை மாட்டிவிட்டு அசைவைத் தேடுகிறேன். சாலை குலுக்கியதில் கொஞ்சம் பதிவாகியிருந்தது, அதையும் வெறும் இரைச்சல் என்று கணினி வடிகட்டித் தள்ளிவிட்டது. தொண்ணூறு நிமிடம் அசைவில்லை என்றால் கருவி கழற்றப்பட்டதாகக் கொள்க என்று ஒரு விதி. முழுநாளும் அப்படி என்றால் அந்த நாளை நீக்குக. எல்லா நாளும் நீங்கினால் ஆளையே நீக்குக.

யார் எழுதிய விதி? நான். நடப்பவர்களை வைத்துச் செய்த பழைய ஆய்வு ஒன்றிலிருந்து அப்படியே ஒட்டியது. எல்லோரையும் சேர்ப்பதற்கென்றே நடக்கும் ஆய்வு, அதில் சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் பாக்கியில்லாமல் வெளியே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்துக்குக் கடிதமே போட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

டுவேன் ஆய்வகத்துக்கு வந்தார். உருளைமேல் நாற்காலியை நிறுத்தி, முகத்தில் மூச்சை அளக்கும் முகமூடி மாட்டினோம். இடுப்பில் அதே தீப்பெட்டி. இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் திரை.

அவர் தள்ளத் தொடங்கினார். இடது திரையில் பிராணவாயுக் கோடு ஏறியது. சும்மா இருக்கும்போது எடுத்ததைப்போல இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, ஆறு. வலது திரை அங்கே ஆளே இல்லை என்றது. இடது திரையில் ஒரு மனிதர் மலை ஏறுகிறார், வலது திரையில் காலி நாற்காலி. டாக்டர் ஓலண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். அளக்கிற நாழி அகவிலை அறியுமா என்பார்கள். நாழியைச் சொல்லிக் குற்றமில்லை. அதைக் கையில் பிடித்திருந்தவள் நான்.

விதி என்னுடையது என்று டாக்டர் ஓலண்டிடம் சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். "கையெழுத்துப் போட்டது நான்," என்றார். "ஆனா குழு முன்னால நீயே சொல்லு. அளந்தது நீ."

பிப்ரவரி 14, வெள்ளி

பதினொரு மன்னிப்புக் கடிதம், இந்த முறை கையால். முதல் கடிதத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கு நாள் முழுவதும் ஆனது.

மார்ச் 3, திங்கள்

பத்து பேர் பதில் போட்டார்கள். அவர்களையும் முகமூடியோடு அளந்துவிட்டோம். ஒவ்வொருவரும் ஒரு விதம். ஒரு பெண்மணிக்கு விரல்களே மடங்காது, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தியே சக்கரத்தைச் சுழற்றினார். பார்த்துக்கொண்டே இருந்தேன், குறித்துக்கொள்ள மறந்துவிட்டேன். ஆனால் அக்டோபரில் இவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு அளவு இல்லை. அது போனது போனதுதான்.

ஜோலீனிடமிருந்து மட்டும் ஒன்றுமில்லை. மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஏழு பேர் குழு. எழுந்து நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னேன், இரண்டு திரைகளையும் காட்டினேன். தலைவர் ஹ்யூகோ ஹெகன் பழைய வங்கிக்காரர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"சரி, செவ்வாய் வகுப்பால பலன் உண்டா, இல்லையா?"

"தெரியாது," என்றேன். "இவங்க அளவைத் தூக்கிப் போட்டது நான். தெரியாததுக்கு இவங்க பொறுப்பில்ல."

பின்வரிசையில் டுவேன் கையைத் தூக்கினார். தனக்குத் தெரியும் என்றும், தன்னை யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னார். ஹெகன் கேட்டார். கடை ஏற்றத்தைப் பற்றி அவர் இரண்டே நிமிடம் பேசினார். நிற்காமல் ஏறிய முதல் நாள் ஆர்லிஸ் அழுததையும் சொன்னார்.

நான்குக்கு மூன்று. செவ்வாய் வகுப்பு இன்னும் ஒரு வருடம் நடக்கும். முதலிலிருந்து அளக்க வேண்டும், இம்முறை இடுப்பில் அல்ல, மணிக்கட்டில். அந்த மணிக்கட்டு யோசனையும் என்னுடையதுதான், பெருமையாகவே சொல்லிக்கொண்டேன்.

மே 6, செவ்வாய்

புதிய சுற்றின் முதல் நாள். மூன்றாம் மாடியை விட்டு இறங்கி வகுப்புக்கே போனேன். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்தேன். பத்து பேர். எடுத்துவைத்த பதினோராவது பட்டையைப் பெட்டியில் போடப்போனேன். அப்போது கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு ஒரு நாற்காலி பின்னோக்கி உள்ளே வந்தது. முப்பது வயதுப் பெண். கைகள் இரண்டும் மார்போடு ஒட்டி மடங்கியிருந்தன. இடது பாதம் மட்டும் தரையை உதைத்து உதைத்து நாற்காலியை ஓட்டியது. தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, மேசைகளுக்கு நடுவில், எதிலும் இடிக்காமல்! என் எதிரே வந்து நின்றாள்.

"ஜோலீன்," என்றாள். பேச்சு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "லெட்டர் போட்டது நீங்கதானே?"

ரெண்டும் நான்தான் என்றேன். என் கை பாட்டுக்குப் பட்டையோடு அவள் மணிக்கட்டை நோக்கிப் போனது.

"மறுபடியும் அதே தப்பு," என்றாள். "எங்க கட்டணும்னு கேக்க மாட்டீங்களா?"

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பிறகு கேட்டேன். அவள் பாதத்தை நீட்டினாள். நான் தரையில் மண்டியிட்டு அவள் சொன்ன இடத்தில், கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே, பட்டையைக் கட்டினேன். இறுக்கம் சரியா என்று கேட்டேன். இன்னும் ஒரு துளை இறுக்கச் சொன்னாள்.